பின்சுவர்

பிப்ரவரியில் நட்டிருக்க வேண்டுமாம்.
நான் நட்டது மே மாதம்,
வெயில் சதமடித்த வாரத்தில்.

ஊரின் பெயர் மேசா.
எங்கள் ஸ்பானியத்தில் அதற்கு மேசை என்றே பொருள்.
அரிசோனாவின் மேசை இது,
பரிமாறத்தான் ஒன்றும் முளைப்பதில்லை.

கடப்பாரை ஒரு சாணுக்கு மேல் இறங்கவில்லை.
அடியில் சுண்ணாம்புப் பாறை,
வெள்ளை வெளேரென்று, கடைவாய்ப் பல் மாதிரி.
ஆகவே பெயிண்ட் வாளிகள் இரண்டு,
அடியில் ஆணியால் ஆறு ஓட்டை.
நாற்று விற்ற வில்மா ஓர்ட்டெகா
"சின்ன ரகம், பிழைத்துக்கொள்ளும்" என்றாள்.
செடிக்குச் சொன்னாளா
எனக்குச் சொன்னாளா தெரியவில்லை.

மதியத்தில் நிழல் விழும் இடமாகப் பார்த்து
பின்சுவர் ஓரம் வைத்தேன்.
எனக்குத் தெரியாத வெயிலா?
இருபத்திரண்டு கோடைகளாக
இந்த ஊர்க் கூரைகளில் தவழ்ந்து
ஏசி பழுது பார்ப்பவன்.

ஜூனில் பூத்தது.
குனிந்த தலை, மஞ்சள் நிறம்.
காலையில் போனால் மண்ணில் கிடக்கும்,
காம்போடு,
யாரோ நகத்தால் கிள்ளிப் போட்டது போல.
முதல் நாள் பதினொன்று. மறுநாள் ஏழு.
பிறகு எண்ணுவதை விட்டேன்.

தண்ணீரைக் கூட்டினேன், இலை பழுத்தது.
குறைத்தேன், சுருண்டது.
படுக்கை விரிப்பைப் பந்தலாகக் கட்டினேன்.
"அது என் அத்தை சீராகத் தந்தது"
என்றாள் நோயெலியா, அவ்வளவுதான் சொன்னாள்.
தேனீ வரவில்லையோ என்று
மின்சார டூத்பிரஷ்ஷால் பூக்களை அதிரவிட்டேன்.
வேலிக்கு மேலே டெக்ஸ்டரின் தொப்பி எழுந்தது:
"அதுக்குப் பல்லும் முளைச்சாச்சா?"

கடைசியில் வில்மாவுக்குப் போன் போட்டேன்.
பகல் சூட்டைச் சொல்லிக்கொண்டே போனேன்.
அவள் நிறுத்தினாள்.
"பகலை விடு, ராத்திரி எத்தனை டிகிரி?"

என் கேள்வி அது.
வாசல் மிதிக்கும் வீடுகளில் எல்லாம்
நான் கேட்கும் முதல் கேள்வி.

இரவு இரண்டு மணி.
வேலைப் பையிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு
லுங்கி மாதிரி துண்டைச் சுற்றியபடி வெளியே வந்தேன்.
தெருவில், தபால் பெட்டி அருகே: எண்பத்தெட்டு.
பின்சுவர் ஓரம், வாளிக்கு மேலே: நூற்று மூன்று.

கருவி பழுது என்றுதான் முதலில் நினைத்தேன்.
பிறகு இலைகள் ஆடுவதைப் பார்த்தேன்.
காற்றே இல்லாத இரவு.

எங்கள் ஏசியின் வெளிப்பெட்டி
படுக்கையறைச் சூட்டை வாரி வாரி
செடியின் முகத்தில் கொட்டிக்கொண்டிருந்தது.
நானே பொருத்தியது.
பத்து வருட உத்தரவாதம்.

சன்னலுக்குள்ளே நோயெலியா
ஜூலை மாதத்தில்
கழுத்துவரை கம்பளி போர்த்தி உறங்கினாள்.

வாளிகளை அப்போதே வாசலுக்கு இழுத்தேன்.
சிமெண்டில் அவை போட்ட சத்தத்துக்கு
டெக்ஸ்டர் வீட்டு விளக்கு எரிந்தது.

அதன் பிறகும் காய்க்கவில்லை, உண்மையைச் சொல்கிறேன்.
எண்பத்தெட்டும் அதிகம்தான் அதற்கு.
ஆகஸ்டில் புழுதிப்புயல் ஒரு செடியை முறித்தது.
மற்றதைப் பாதியாக வெட்டிவிட்டு
மறந்தேன், அல்லது
மறந்தவன் போல் தண்ணீர் ஊற்றினேன்.

அக்டோபரில் ஓர் இரவு
முதன்முறையாக ஏசியை அணைத்தோம்.
ஒரு வாரம் கழித்து
வாடிய பூவின் பின்னால்
பச்சைக் குண்டுமணி ஒன்று.

மொத்தம் எட்டுப் பழம்.
ஒன்று வெடித்தது, ஒன்றைக் குருவி கொத்தியது.
ஆறை மேசைமேல் வைத்து
அரைமணி நேரம் யாரும் தொடவில்லை.
பிறகு நோயெலியா உப்பை எடுத்து வந்தாள்.

இப்போதெல்லாம் வெளிப்பெட்டி மாட்டுவதற்கு முன்
சுவரை ஒருமுறை சுற்றி வருகிறேன்.
போன வாரம் ஒரு வீட்டில்
காய்ந்துபோன புதினாத் தொட்டிக்காக
இரண்டடி தள்ளிப் பொருத்தினேன்.
ஏன் என்று கேட்டார் வீட்டுக்காரர்.

குழாயின் நீளம் பத்தவில்லை என்றேன்.